மங்கலான பெருக்கல் குறி

ஆலையின் பாதுகாப்புப் பாடத்திலேயே மிக அழகான படம் அதுதான். கூழ்த் தொட்டியின் வட்ட வாயருகே ஒருவன் மண்டியிட்டு, இடுப்புவரை உள்ளே சாய்ந்து, கீழே மயங்கிக் கிடக்கும் கூட்டாளியின் கையை எட்டிப் பிடிக்கிறான். முதுகுத் தசை சட்டையை மீறித் தெரிகிறது. கூரையிலிருந்து ஒரு பொன்னிற ஒளி இறங்கி அவன் தோளைத் தடவுகிறது. காகித ஆலையின் கூழ்ப் பிரிவில் அப்படியொரு ஒளி எந்தக் காலத்திலும் விழுந்ததில்லை என்பது வேறு விஷயம். நட்பென்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று பார்க்கிறவன் ஒரு கணம் நெஞ்சை நிமிர்த்துவான்.

அது செய்யக்கூடாததைக் காட்டும் படம்.

செய்யவேண்டியதும் அதே திரையில்தான் இருந்தது. வலது கோடியில், ஆலையின் சின்னத்துக்கும் பக்க எண்ணுக்கும் இடையில், தபால்தலை அளவில். அதில் ஒரு ஆள் தொட்டியிலிருந்து தள்ளி நின்று சுவரிலுள்ள பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு ஓவியர் முகம்கூட வைக்கவில்லை. தலைக்கு ஒரு முட்டை, உடம்புக்கு நான்கு குச்சி.

ஆரம்பத்தில் பெரிய படத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக அடர்சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். பயிற்சித் துறைத் தலைவர் பார்த்துவிட்டு, "கண்ணைக் குத்துதேப்பா, இவ்வளவு நல்ல படத்தை யாராவது இப்படிக் கிறுக்குவாங்களா?" என்று வருத்தப்பட்டாராம். தன் ஓவியத்தை யாரோ அடித்துப் போட்டதுபோல ஏற்கெனவே மனம் நொந்திருந்த ஓவியருக்கு அது பால் வார்த்த மாதிரி இருந்தது. கொஞ்சம் மங்கலாக்கினார். தலைவர் இன்னும் கொஞ்சம் என்றார். துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டைக் கோடுபோல ஆனபிறகுதான் இருவருக்கும் திருப்தி. அங்கே ஒரு குறி இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் தேடினால் கண்டுபிடிக்கலாம்.

பாடத்துக்குப் பரிசு கிடைத்தது. சுடர் வடிவில் கண்ணாடியால் ஆன பரிசு. மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமலிருக்கத் தலைவர் அதை மேசைமேல் பாரமாக வைத்திருந்தார்.

கூழ்ப் பிரிவின் மேஸ்திரி அந்தப் பாடத்தை வருடம் தவறாமல் பார்த்தவர். பரீட்சையில் ஒருமுறைகூட ஒரு மதிப்பெண் குறைந்ததில்லை. தொட்டியைக் கழுவ இறங்கிய கூட்டாளி உள்ளே தேங்கியிருந்த வாயுவில் சுருண்டு விழுந்த அன்று, மேஸ்திரி ஓடிவந்து தொட்டி வாயருகே மண்டியிட்டு, இடுப்புவரை உள்ளே சாய்ந்து, கையை எட்டிப் பிடித்தார். படத்தில் உள்ளபடியே. பொன்னிற ஒளி மட்டும் இல்லை.

வாயு அவரையும் மயக்கி உள்ளே தள்ளியது. இரண்டு பேரையும் பிணமாகத்தான் வெளியே எடுத்தார்கள். விசாரணை நடந்தது. மேஸ்திரி முறையான பயிற்சி பெற்றவர், பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியவர், ஆகவே தெரிந்தே விதியை மீறியிருக்கிறார் என்று ஆலை முடிவு கட்டிக் கை கழுவியது. ஒரு மனிதர் நன்றாகப் படித்ததையே அவர் தலையில் பழியாகப் போட முடியும் என்பதை மேஸ்திரியின் மனைவி அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

பழி ஒரு பக்கம், பரிவு ஒரு பக்கம். செத்தவர் வீட்டில் ஒருவருக்கு வேலை கொடுப்பது ஆலையின் வழக்கம். மேஸ்திரியின் மனைவி கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பாடநூல் அச்சகத்தில் பக்கம் அமைத்தவள். எந்த வரி எங்கே நிற்கவேண்டும், படம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், குழந்தையின் கண் முதலில் எங்கே போகும், அப்புறம் எங்கே தாவும் என்பதெல்லாம் அவள் பிழைப்பு. அதனால் அவளைப் பயிற்சித் துறையில் போட்டார்கள்.

காகிதம் செய்கிறவரும் அதில் பக்கம் அமைக்கிறவளும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன நடக்கும்? ஓரம் விடுவதற்குச் சண்டை நடக்கும். அவள் வீட்டுக்குக் கொண்டுவரும் பக்கங்களை மேஸ்திரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். "சுத்தியும் இவ்வளவு காலியா விட்டிருக்கே. நாங்க கஷ்டப்பட்டுக் கூழ் காய்ச்சி எடுக்கிற தாளு. சும்மா கிடக்குதே, ரெண்டு வரி எழுதினா என்ன?" என்பார். "அது சும்மா கிடக்கலை, வேலை செய்யுது" என்பாள் இவள். "என்னை மாதிரிதான். ஞாயித்துக்கிழமை நானும் அப்படித்தான் வேலை செய்யறேன்" என்று கால் நீட்டிப் படுத்துவிடுவார்.

முதல் நாள் அவளைத் துறை வாசல்வரை கொண்டுவந்து விட்டவன் அவளுடைய கொழுந்தன். அவனும் கூழ்ப் பிரிவில்தான், குழாய் பொருத்துகிற வேலை. அண்ணன் செத்த அதே தொட்டிகளைச் சுற்றித்தான் இன்றும் அவனுக்குப் பிழைப்பு. "அண்ணி, மத்தியானம் சாப்பாட்டுக்கு வரேன்" என்று அவன் கத்திவிட்டுப் போனது அறை முழுக்கக் கேட்டது. அன்றிலிருந்து துறையில் எல்லோருக்கும் அவள் அண்ணி. அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த தலைவருக்கும் அண்ணிதான்.

தலைவர் கெட்டவர் அல்ல. ஏதோ ஒரு மலை விடுதியில் நடந்த வடிவமைப்பு முகாமுக்கு ஆலை அவரை அனுப்பிவைத்தது. அங்கே கற்ற வார்த்தைகளைப் புதுச் செருப்புபோல நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு நடந்தார்.

"அண்ணி, டிசைன்ல முதல் விஷயம் விஷுவல் ஹைரார்க்கி. அப்படின்னா ஒண்ணுமில்லை. பெரியவங்க பெரிசா இருக்கணும், சின்னவங்க சின்னதா இருக்கணும்."

அதன்படி பாடத்தின் முதல் திரையில் நிர்வாக இயக்குநர் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு சிரித்தார். ஆலை மேலாளர் அதில் பாதி. தலைவர் அதிலும் பாதி. தொழிலாளியின் படம் தேவைப்பட்ட இடங்களில் ஓவியர் முட்டையும் குச்சியும் போட்டிருந்தார். இன்னொரு திரையில், 'வெள்ளை இடமே பக்கத்தின் மூச்சு' என்ற வாசகத்தை இரண்டு கட்டத்துக்கும் ஓர் அம்புக்குறிக்கும் நடுவே நசுக்கி வைத்திருந்தார்கள். அது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

தொட்டிப் படத்தை அவள் முதலில் பார்த்ததும் தலைவர் மேசையில்தான். பரிசு வாங்கிய திரை என்று பெருமையாகத் திறந்து காட்டினார்.

சாய்ந்திருந்த அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, அசந்துட்டீங்களா?" என்றார் ஓவியர். "அந்த முதுகுக்கு மட்டும் ரெண்டு நாள் ஆச்சு."

"இதைச் செய்யச் சொல்றீங்களா, செய்யவேண்டாம்னு சொல்றீங்களா?"

"வேண்டாம்னுதான். பெருக்கல் குறி இருக்கே."

"எங்கே?"

ஓவியர் எழுந்துவந்து விரலால் தடவிக் காட்டினார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கீழே தெளிவா எழுதியும் இருக்கு அண்ணி. படிச்சா புரியும்" என்றார். பேசிக்கொண்டிருப்பது யாரிடம் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. பரிசைக் கையிலெடுத்துத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் வைத்தார்.

அன்று மாலை கொழுந்தன் வீட்டுக்கு வந்தபோது அண்ணி கைபேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, கண் இமைக்கும் நேரம் காட்டிவிட்டுத் திருப்பிக்கொண்டாள். அச்சகத்தில் அவர்கள் செய்கிற சோதனை அது. ஒரு பக்கத்தைத் திறந்து உடனே மூடிவிட்டு, என்ன பார்த்தாய் என்று கேட்பார்கள். எதைப் பார்த்தானோ அதுதான் பாடம். மற்றதெல்லாம் மை.

"என்ன பார்த்தே?"

"நம்ம பாடம்தானே. ஒருத்தன் குனிஞ்சு இன்னொருத்தனைத் தூக்கறான்."

"வேற?"

"வேற என்ன? நல்லா இருப்பான், அண்ணன் மாதிரி."

"நாளைக்கு உன் கூட இருக்கறவன் உள்ளே விழுந்தா என்ன செய்வே?"

"குனிஞ்சு தூக்குவேன். பார்த்துக்கிட்டா நிக்க முடியும்?"

"பரீட்சையில முழு மார்க் வாங்கறியே."

"அதுவா?" கொழுந்தன் சிரித்தான். "சரியான பதில் இருக்கற கட்டம் மட்டும் கொஞ்சம் அகலமா இருக்கும் அண்ணி. எது நீளமா இருக்கோ அதைத் தட்டினா போதும். படிக்கவே வேண்டாம். அண்ணன்தான் சொல்லிக் குடுத்தாரு."

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். கொழுந்தன் டீ கேட்டான். போட்டுக் கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து அண்ணி அந்த ஒரு திரைக்காக ஒற்றைக்காலில் நின்றாள். விபத்துக்குப் பிறகு பாடத்தைப் புதுப்பிக்க ஆலையே உத்தரவிட்டிருந்ததால் தலைவரால் மறுக்கவும் முடியவில்லை. அவள் செய்த திரையில் குனிகிறவன் இல்லை. இடது பக்கம் தொட்டியின் இருண்ட வாய். அதைச் சுற்றித் தடித்த மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவன் நிமிர்ந்து நிற்கிறான், முகத்தோடு. அவன் கை சுவரிலுள்ள சிவப்புப் பொத்தான்மேல். அவன் பார்வையும் பொத்தான்மேல். கீழே, 'கோட்டைத் தாண்டாதே. பொத்தானை அழுத்து.' அவ்வளவுதான். மீதியெல்லாம் வெள்ளை.

துறை கூடிப் பார்த்தது. கல்யாண வீட்டில் இலையைப் போட்டுவிட்டு யாரும் பரிமாற வராததுபோல ஓர் அமைதி.

"நல்லா இருக்கு" என்றார் தலைவர். "ஆனா இவ்வளவு இடம் காலியா இருக்கே."

"வெள்ளை இடம் சார். பக்கத்தோட மூச்சு."

"அதுக்காக இவ்வளவு மூச்சா?"

மதியத்துக்குள் சின்னம் வந்து உட்கார்ந்தது. தேநீர் இடைவேளைக்குப் பிறகு, தலைக்கவசம் போட்ட ஒரு அணில் வந்து கட்டைவிரலை உயர்த்தியது. பொத்தானுக்கு ஓவியர் மூன்று அம்புக்குறி போட்டார். அம்புக்குறியைக் கவனிக்க வைக்க அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அண்ணி ஒவ்வொன்றாக எடுத்தாள். அணிலை எடுத்தபோதுதான் எதிர்ப்பு அதிகமாக இருந்தது. அணிலுக்கு நிறைய பேர் வேண்டப்பட்டவர்கள்.

அப்புறம் தலைவருக்கு அந்த யோசனை வந்தது. அவர் கண்ணில் உண்மையாகவே நீர் கட்டியிருந்தது.

"அண்ணி, அந்தக் காலி இடத்துல மேஸ்திரி போட்டோவைப் போட்டுருவோம். அவர் நினைவா. நீண்ட நாள் சேவைக்கு மேடையில எடுத்த படம் இருக்கு. சிரிச்சுக்கிட்டு இருப்பாரு."

அறை முழுக்க உச்சுக் கொட்டியது. ஓவியர் மூக்கை உறிஞ்சினார். எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

அணிலை மறுப்பது போலவா இது? அவளுக்கு அந்தப் படம் தெரியும். வீட்டு அலமாரியிலும் ஒரு பிரதி இருக்கிறது. மேஸ்திரி வலது பக்கம் திரும்பி, படத்துக்கு வெளியே யாரையோ பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பார். அந்த யாரோ அவள்தான். மேடைக்குப் பக்கத்தில் நின்று, காலர் பொத்தானைப் போட்டதற்காக அவரைக் கேலி செய்துகொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் மனித முகம் இருந்தால் கண் முதலில் அங்கேதான் போகும். அப்புறம் அந்த முகம் பார்க்கிற திசையில் போகும். மேஸ்திரியின் முகத்தில் ஏறும் கண் அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டு, வலது பக்கமாகத் திரையை விட்டே வெளியேறிவிடும். பொத்தான் அந்தக் காலி இடத்துக்கு இடது பக்கம் இருந்தது.

"வேண்டாம் சார்" என்றாள்.

"என்ன அண்ணி?"

"அவர் முகம் வேண்டாம்."

சாயங்காலத்துக்குள் கூழ்ப் பிரிவுவரை செய்தி போய்விட்டது. புருஷன் படத்தை வைக்கவிட மாட்டேன் என்கிறாளாம். கல்லு மாதிரி நிற்கிறாளாம். வேலை கிடைத்துவிட்டதல்லவா என்றும் யாரோ சேர்த்துக்கொண்டார்கள்.

கொழுந்தன் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றான்.

"அண்ணன் மேல தப்புன்னு எழுதி வெச்சாங்க. இப்பத்தான் முதல் தடவையா ஒரு மரியாதை செய்யறோம்னு வராங்க. அதையும் நீங்களே வேண்டாங்கறீங்களா?"

"மரியாதையை வேற எங்கேயாவது செய்யட்டும். அந்தத் திரையில வேண்டாம்."

"ஏன்? அண்ணன் மூஞ்சி இருந்தாத்தான் நான் அந்தப் பாடத்தையே பார்ப்பேன்."

"அதுதான் பயம். நீ அவர் மூஞ்சியைத்தான் பார்ப்பே."

"உங்களுக்குப் பக்கம்தான் பெரிசு. எங்க அண்ணன் கடைசிவரைக்கும் அதைத்தான் சொன்னாரு."

அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார் என்று அண்ணி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கொழுந்தன் போய்விட்டான். அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. அவள் இரண்டு பேருக்குக் கட்டிக்கொண்டு போய், ஒருவர் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

புதுப் பாடத்தை ஆலை மேலாளர் முன்னிலையில் கூழ்ப் பிரிவு ஆட்களுக்குப் போட்டுக் காட்டும் நாள் வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு, சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். புரொஜெக்டரை இயக்குவது அண்ணியின் வேலை. கணினியைத் திறந்தவள், தொட்டித் திரையில் மேஸ்திரி சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். சுற்றி ரோஜாப்பூ ஓரம் வேறு.

"கோச்சுக்காதீங்க அண்ணி" என்று தலைவர் காதோரம் சொன்னார். "மேலாளரே ஆசைப்பட்டாரு. நீங்க துக்கத்துல இருக்கீங்க, உங்களுக்கு இப்ப புரியாது."

எடுப்பதற்கு நேரமில்லை. கூட்டம் உட்கார்ந்துவிட்டது. கடைசி பெஞ்சில் கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டு, அவளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணி மேசையில் கிடந்த ஒரு அட்டையை எடுத்து புரொஜெக்டரின் கண்ணை மூடினாள். தொட்டித் திரையைக் கொண்டுவந்தாள். அட்டையை எடுத்தாள், உடனே மூடினாள்.

"என்ன பார்த்தீங்க?" என்று பொதுவாகக் கேட்டாள்.

"மேஸ்திரி" என்றது கூடம்.

"அப்புறம்?"

"சிரிக்கறாரு."

"காலர் பட்டன் போட்டிருக்காரு" என்றார் நடுவிலிருந்து ஒரு பெரியவர். "அவர் போடவே மாட்டாரே, யாரு கட்டாயப்படுத்தினது?" மெல்லிய சிரிப்பு எழுந்தது. அண்ணிக்கும் உதடு துடித்தது.

"அப்புறம்?"

"ரோஜாப்பூ."

"அப்புறம்?"

ஒன்றுமில்லை. தலைவர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

"பக்கத்துல ஒரு ஆள் நிக்கறானே, அவன் கை எங்கே இருந்துச்சு?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இடுப்பிலே என்றான் ஒருவன். பையிலே என்றான் இன்னொருவன். மேலாளரும் யோசித்துப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் ரோஜாப்பூவோடு சரி என்று தெரிந்தது.

"தொட்டியில உங்க ஆள் விழுந்தா உங்களுக்குக் கிடைக்கிற நேரமும் இவ்வளவுதான்" என்றாள் அண்ணி.

கடைசி பெஞ்சு கிறீச்சிட்டது. கொழுந்தன் எழுந்திருந்தான். இன்னும் அவளைப் பார்க்கவில்லை. மூடியிருந்த அட்டையைப் பார்த்துத்தான் பேசினான்.

"அண்ணனை எடுத்துருங்க."

செருமிவிட்டு, இன்னும் சத்தமாகச் சொன்னான். "அவரை அங்கேருந்து எடுத்துருங்க சார்."

செத்தவரின் தம்பியே சொன்னபிறகு யார் மறுப்பது? மேலாளர் தலையசைத்தார். ஆறு மாதமாக மேஸ்திரியின் மனைவி சொன்னது ஏறாத காதில் தம்பி சொன்ன ஒரு வாக்கியம் ஏறியது. அண்ணி கூட்டத்தின் முன்னாலேயே படத்தைத் தேர்ந்தெடுத்து நீக்கினாள். நீக்கட்டுமா என்று கணினி கேட்டது. விரல் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் ஆம் என்று அழுத்தினாள். ரோஜாப்பூவுக்குத் தயங்கவில்லை.

மழைக்காலம் முடியும்போது அது நடந்தது. கொழுந்தன் குழாய் மாற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்துத் தொட்டியில், கழுவ இறங்கியவன் விழுந்தான். கொழுந்தன் ஓடினான். தரையில் தீட்டியிருந்த மஞ்சள் கோட்டருகே நின்றான். பொத்தானை அழுத்தினான். ஆலைச் சங்கு அலறியது. உள்ளே விழுந்தவன் முனகுவது சங்கையும் மீறிக் கேட்டதாம். மூச்சுக்கருவி போட்ட மீட்புக் குழு வந்து இறங்கித் தூக்கும்வரை கொழுந்தன் கையைப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் கால் கோட்டைத் தாண்டிவிடும் என்று பயந்தானாம்.

விழுந்தவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் கூழ்ப் பிரிவில் கொழுந்தனுக்குத் 'தூண்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணன் பாய்ந்தான், தம்பி நின்றான் என்று.

மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"என்னைக் கூப்பிட்டான் அண்ணி. பேர் சொல்லிக் கூப்பிட்டான். நான் நின்னுக்கிட்டே இருந்தேன். அந்தத் திரையில இருக்கறவன் மாதிரி."

"சாப்பிடு" என்றாள் அவள். அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து கை கழுவுகிறவரை.

அந்த வாரமே தலைவர் மேசையில் இரண்டாவதாக ஒரு கண்ணாடிச் சுடர் வந்து உட்கார்ந்தது. எளிமையான வடிவமைப்புக்காக. வெள்ளை இடத்தின் வலிமையை முகாமில் தான் எப்படி உணர்ந்தேன் என்று அவர் மேடையில் விரிவாகப் பேசியதாகச் சொன்னார்கள். திரும்பி வந்தவர் நேராக அண்ணியிடம் வந்தார். முகத்தில் அவருக்கே உரிய அந்த உண்மையான கனிவு இருந்தது.

"அண்ணி, உங்க கொழுந்தன் செஞ்சது பெரிய விஷயம். எல்லாருக்கும் தெரியணும். அந்தத் திரையில இன்னும் அந்த இடம் காலியாத்தானே கிடக்கு? தம்பியோட போட்டோ ஒண்ணு குடுங்களேன், போட்டுருவோம்."

அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவன் உயிரோட இருக்கான் சார். போட்டோ எதுக்கு?"